எல்லை கடந்தால் மாறும் கடன் நீதி

ஓசூரில் எங்கள் தெருவில் நான்கு வீடுகளில் வேலை செய்யும் பெண்மணி ஒருவர், 2025 ஜூலையில் ஒருநாள் தயங்கித் தயங்கி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: "சார், ஆனேக்கல்ல இருக்கிற எங்க அக்கா இனிமே கடன் கட்ட வேண்டாமாம். அந்த ஊர்ல சட்டம் வந்திருச்சாம். இங்க நமக்கு அது இல்லையா?"

அக்காள் வாழ்க்கைப்பட்டது கர்நாடகத்தின் ஆனேக்கல் வட்டத்தில். தங்கை இருப்பது தமிழ்நாட்டின் ஓசூரில். இடையில் இருப்பது அத்திப்பள்ளி சோதனைச்சாவடி. பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தொலைவு. இருவருக்கும் இரண்டிரண்டு கடன்கள். ஒன்று, ரிசர்வ் வங்கியில் பதிவு செய்த நுண்கடன் நிறுவனத்திடம் குழுவாகச் சேர்ந்து வாங்கியது. மற்றொன்று, உரிமம் ஏதுமில்லாத உள்ளூர்க்காரர் ஒருவரிடம் வாங்கி, வாரந்தோறும் தண்டல் கட்டுவது. தங்கையின் கடன், கணவரின் அறுவைச் சிகிச்சைக்காக வாங்கியது. நிறுவனத்துக்கு 42,000 ரூபாயும், தண்டல்காரருக்கு 20,000 ரூபாயும் நிலுவை இருந்தன.

நாற்பது ஆண்டுகள் பொருளாதாரம் கற்பித்த எனக்கு அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. இரு மாநிலச் சட்டங்களையும் எடுத்துப் படித்த பிறகுதான், அவர் கேட்டது ஓசூருக்கும் ஆனேக்கலுக்கும் இடையிலான வேறுபாட்டை மட்டுமல்ல என்பது புரிந்தது. கடனைக் கட்ட இயலாத நிலைக்கு வந்துவிட்ட ஓர் ஏழைக்கு, அதைத் தீர்த்துக்கொண்டு எழுந்து நிற்க இந்த நாட்டில் சட்டப்படியான வழி எது என்பதே அந்தக் கேள்வி. அதற்கான விடை இரண்டு எல்லைகளைப் பொறுத்திருக்கிறது. ஒன்று, கடனாளி வசிக்கும் மாநிலம். மற்றொன்று, அவருக்குக் கடன் கொடுத்தவர் யார் என்பது. முதல் எல்லையைப் பற்றி நாம் அதிகம் பேசுகிறோம். இரண்டாவது எல்லைதான் இன்று அதிகம் தீர்மானிக்கிறது.

அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையிலிருந்து தொடங்குவோம். வட்டித் தொழிலும், வட்டித் தொழில் செய்வோரும், வேளாண் கடன் சுமைக்கான நிவாரணமும் மாநிலப் பட்டியலில் 30-ஆவது இனமாக இடம்பெற்றுள்ளன. வங்கித் தொழில் மத்தியப் பட்டியலில் 45-ஆவது இனம். நொடிப்பும் திவாலும் பொதுப் பட்டியலில் 9-ஆவது இனம். கடன் என்னும் ஒரே பொருள் மூன்று பட்டியல்களிலும் சிதறிக் கிடக்கிறது. ஊர் வட்டிக்காரரிடம் வாங்கியது மாநிலத்தின் பொறுப்பு. வங்கியில் வாங்கியது மத்திய அரசின் பொறுப்பு. கட்ட முடியாமல் போனால் அது இருவருக்கும் பொது. இந்தப் பகிர்வு வகுக்கப்பட்ட காலத்தில், ஏழைகளுக்குக் கடன் கொடுத்தவர் பெரும்பாலும் வட்டிக்காரர். எனவே, ஏழையின் கடன் மாநிலத்தின் கையில் இருந்தது.

அதற்கும் ஒரு முன்வரலாறு உண்டு. 1930-களின் பெருமந்தத்தில் விளைபொருள்களின் விலை சரிந்து, வாங்கிய கடனின் உண்மைச் சுமை பல மடங்கானபோது, மாகாணங்கள் ஒவ்வொன்றாகத் தலையிட்டன. மத்திய மாகாணம் 1933-இல் கடன் சமரசச் சட்டத்தை இயற்றியது. பஞ்சாப் 1934-இல் கடன் சுமை நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வங்காளம் இயற்றிய வேளாண் கடனாளிகள் சட்டத்தின்கீழ், கிராமப்புறங்களில் கடன் தீர்வு வாரியங்கள் அமைந்தன. கடன் கொடுத்தவரையும் வாங்கியவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, கட்டக்கூடிய தொகை எவ்வளவு என்று அந்த வாரியங்கள் தீர்மானித்தன.

சென்னை மாகாணத்தில் இராஜாஜி தலைமையிலான அமைச்சரவை 1938-இல் விவசாயிகள் நிவாரணச் சட்டத்தை இயற்றியது. 1932 அக்டோபர் 1-க்கு முன் வாங்கிய கடன்களுக்கு, 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் இருந்த வட்டி முழுவதையும் அது நீக்கியது. அசலைப் போல் இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்துவிட்டதாகக் கொண்டது. இன்றைய எந்தச் சட்டத்துடன் ஒப்பிட்டாலும் துணிச்சலான ஏற்பாடு அது.

இத்தகைய சட்டங்கள் நீதிமன்றத்திலும் சோதிக்கப்பட்டன. வங்காள வட்டித் தொழில் சட்டத்தை எதிர்த்து குல்னாவைச் சேர்ந்த ஒரு வங்கி வாதிட்டது. புரோநோட்டு என்பது மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. எனவே, புரோநோட்டின் மீதான கடனை மாகாணச் சட்டம் குறைக்க முடியாது என்பது அதன் வாதம். பிரிவி கவுன்சில் 1947-இல் அதை ஏற்கவில்லை. சட்டத்தின் சாரம் வட்டித் தொழிலைப் பற்றியது. போகிற போக்கில் புரோநோட்டைத் தொடுவதால் மட்டும் அது செல்லாததாகிவிடாது என்று தீர்ப்பளித்தது. கடனாளியைக் காக்கும் மாகாணத்தின் அதிகாரம் அன்று வென்றது.

அந்த மரபு இன்றும் சில மாநிலங்களில் தொடர்கிறது. கேரளம் 2006-இல் விவசாயிகள் கடன் நிவாரண ஆணையச் சட்டத்தை இயற்றியது. பஞ்சாப் 2016-இல் வேளாண் கடன் தீர்வுச் சட்டத்தைக் கொண்டுவந்து, மண்டித் தரகர்களிடமும் தனியாரிடமும் விவசாயிகள் வாங்கிய கடன்களைப் பேசித் தீர்க்க மன்றங்களை ஏற்படுத்தியது. தெலங்கானாவும் அதே ஆண்டில் சிறு விவசாயிகள், வேளாண் தொழிலாளர்கள், கிராமப்புறக் கைவினைஞர்கள் ஆகியோருக்கென ஒரு கடன் நிவாரண ஆணையத்துக்குச் சட்டம் இயற்றியது.

தமிழ்நாடு வேறு பாதையில் சென்றது. 2003-ஆம் ஆண்டின் அதீத வட்டி வசூல் தடைச் சட்டம், கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் போன்றவற்றைக் குற்றமாக்கி, மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க வழிசெய்தது. கடனாளி தான் தர வேண்டிய பணத்தை நீதிமன்றத்தில் செலுத்தி, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யுமாறு கேட்கவும் அச்சட்டத்தில் இடமுண்டு. ஆயினும், 2017 அக்டோபரில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே கந்துவட்டிக் கொடுமையால் தீக்குளித்து மாண்டதை இந்த மாநிலம் பார்த்தது. ஏட்டில் இருக்கும் வழி கடனாளிக்குத் தெரிந்த வழியாக இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அதுவே சான்று.

2025-ஆம் ஆண்டில் இரு மாநிலங்களும் அடுத்தடுத்துச் செயல்பட்டன. கர்நாடகம் பிப்ரவரியில் அவசரச் சட்டம் பிறப்பித்து, பின்னர் அதைச் சட்டமாக்கியது. வலுக்கட்டாய வசூலுக்குப் பத்தாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். கூடவே, பொருளாதாரத்தில் நலிந்தவர்கள் உரிமமோ பதிவோ இல்லாதவர்களிடம் ஏற்கெனவே வாங்கிய கடன், வட்டியோடு சேர்த்து முழுமையாகத் தீர்ந்ததாகக் கருதப்படும் என்றும் அது கூறியது. தமிழ்நாடு சட்டப்பேரவை ஏப்ரலில் வலுக்கட்டாய நடவடிக்கைகளைத் தடுக்கும் மசோதாவை நிறைவேற்றியது. ஜூன் மாதம் அது சட்டமானது. மிரட்டுவது, பின்தொடர்வது, வீட்டு வாசலில் வந்து நிற்பது, அரசு நலத்திட்ட ஆவணங்களைப் பறித்துக்கொள்வது போன்ற வசூல் முறைகளைத் தண்டிப்பதே அதன் மையம்.

ஆக, அந்த அக்காள் கேள்விப்பட்ட செய்தியில் பாதி உண்மை. உரிமமில்லாத தண்டல்காரருக்குத் தர வேண்டிய பாக்கியை அவர் கட்ட வேண்டியதில்லை. ஓசூரில் இருக்கும் தங்கைக்குத் திறந்திருப்பது காவல் நிலையத்தின் வாசலும் நீதிமன்றத்தின் வாசலும். ஒரே மாதிரியான கடன், ஒரே மாதிரியான தண்டல்காரர். மாநிலம் மாறியதால் நிவாரணமும் மாறுகிறது. ஆனால், இருவரின் பெரிய கடனும் நுண்கடன் நிறுவனத்திடம் உள்ளது. அங்கே அக்காளுக்கும் தள்ளுபடி இல்லை; தங்கைக்கும் இல்லை. இதைத்தான் இரண்டாவது எல்லை என்றேன்.

அந்த எல்லை எப்படி உருவானது? கடந்த முப்பது ஆண்டுகளில் ஏழைகளுக்குக் கடன் கொடுப்பவர் மாறிவிட்டார். வட்டிக்காரரின் இடத்தில் பெருமளவுக்கு நுண்கடன் நிறுவனங்களும், வங்கிசாரா நிதி நிறுவனங்களும், சிறு நிதி வங்கிகளும் வந்துவிட்டன. இவற்றை ஒரு மாநிலம் நேரடியாகக் கட்டுப்படுத்த முயன்ற பெரிய நிகழ்வு, ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தின் 2010 அக்டோபர் அவசரச் சட்டம். வாரத் தவணைக்குப் பதில் மாதத் தவணை, பொது இடத்தில் மட்டுமே வசூல், அசலைவிட அதிகமாக வட்டி வாங்கத் தடை என்று அது விதித்தது. சென்னை மாகாணத்தின் 1938 சட்டத்தில் இருந்த இரு மடங்கு விதியின் வாரிசு அது. அதன் விளைவாக அம்மாநிலத்தில் நுண்கடன் வசூல் ஏறத்தாழ நின்றுபோனது, புதுக்கடனும் வற்றியது. ரிசர்வ் வங்கி மாலேகாம் குழுவை அமைத்து, 2011 இறுதியில் நுண்கடன் நிறுவனங்களுக்கென்றே தனி விதிமுறைகளைக் கொண்டுவந்தது.

சட்டப்படியான முடிவு 2022 மே 10 அன்று வந்தது. ரிசர்வ் வங்கியில் பதிவு செய்த வங்கிசாரா நிதி நிறுவனங்களுக்கு கேரளத்தின் 1958-ஆம் ஆண்டு வட்டித் தொழில் சட்டமும், குஜராத்தின் 2011-ஆம் ஆண்டுச் சட்டமும் பொருந்தா என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறப்பு முதல் இறப்பு வரை அந்நிறுவனங்களை ரிசர்வ் வங்கிச் சட்டமே கட்டுப்படுத்தும்போது, மாநிலச் சட்டத்துக்கு அங்கே இடமில்லை என்பது தீர்ப்பின் சாரம். 1947-இல் வென்ற மாகாணம் 2022-இல் தோற்றது. தீர்ப்பின் சட்டத் தர்க்கத்தோடு எனக்குச் சண்டையில்லை. ஒரே நிறுவனத்துக்கு இருபத்தெட்டு விதமான வட்டி விதிகள் இருக்க முடியாது. என் கவலை வேறு. தீர்ப்பு மாநிலத்தின் கையை விலக்கியது. விலகிய இடத்தில் கடனாளியைத் தாங்க வேறு எந்தக் கை இருக்கிறது?

கேரள ஆணையத்தின் சட்டத்திலேயே இந்த இடைவெளி தெரிகிறது. தனியார் கடன் கொடுத்தவர் என்றால், நியாயமான வட்டியையும் கடன் அளவையும் ஆணையமே நிர்ணயிக்கலாம். நிதி நிறுவனம் என்றால், பேச்சுவார்த்தை நடத்தலாம்; அரசுக்குப் பரிந்துரைக்கலாம்; அவ்வளவுதான். வங்கிகள் தாமே அறிவிக்கும் ஒரே தவணைத் தீர்வுத் திட்டங்களும் கடனாளியின் உரிமை அல்ல. அப்படியொரு சலுகையை உரிமையாகக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ரிசர்வ் வங்கி 2023 ஜூனில் சமரசத் தீர்வுகளுக்கு ஒரு பொதுச் சட்டகத்தை வெளியிட்டது. அது வங்கிக்கு வழிகாட்டுகிறதே தவிர, 42,000 ரூபாய் நிலுவை வைத்திருக்கும் பெண்ணுக்கு மனுப்போடும் இடம் எதையும் தரவில்லை.

இந்த இடத்தில் அமெரிக்காவை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். அங்கே கட்டணம் வாங்கிக்கொண்டு கடனாளிக்காகக் கடன் கொடுத்தவரிடம் பேரம் பேசித் தீர்க்கும் நிறுவனங்கள் பல. அவற்றுக்கான விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன. சில மாநிலங்கள் லாப நோக்கில் அத்தொழிலை நடத்துவதற்குக் கடும் தடைகளை விதிக்கின்றன. சில, கட்டணத்துக்கு உச்சவரம்பு வைக்கின்றன. சில, பெரும்பாலும் சந்தையிடம் விட்டுவிடுகின்றன. தொலைபேசி வழியே ஆள் சேர்க்கும் நிறுவனங்கள் கடனைத் தீர்ப்பதற்கு முன்பே கட்டணம் வாங்கக் கூடாது என்று மத்திய வர்த்தக ஆணையம் 2010-இல் நாடு முழுமைக்கும் விதித்தது. ஆனால், இந்த வேறுபாடுகளுக்கெல்லாம் அடியில் ஒரு பொதுத் தளம் இருக்கிறது. திவால் சட்டம் நாடெங்கும் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பது அந்நாட்டு அரசியலமைப்பின் ஏற்பாடு. எந்தச் சொத்து கடனாளிக்கு விட்டுவைக்கப்படும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறலாம். ஆனால், பேரம் பலிக்காவிட்டால் திவால் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்ற வழி எல்லோருக்கும் உண்டு. அந்த வழி இருப்பதனாலேயே கடன் கொடுத்தவரும் பேரத்துக்கு இறங்கிவருகிறார்.

நம்மிடம் இல்லாதது அந்தத் தளம்தான். வியப்பு என்னவென்றால், அதற்கான சட்டத்தை நாம் 2016-லேயே இயற்றிவிட்டோம். நொடிப்பு மற்றும் திவால் சட்டத் தொகுப்பின் மூன்றாம் பகுதி தனிநபர்களுக்கானது. சொத்தும் வருமானமும் மிகக் குறைந்த ஏழைக் கடனாளிக்கு 'புதிய தொடக்கம்' என்ற நடைமுறையை அது வகுத்தது. ஆனால், பெருநிறுவனக் கடன்களுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் கொடுத்தவர்களைப் பொறுத்த அளவில் மட்டுமே, 2019 டிசம்பர் முதல் மூன்றாம் பகுதி நடைமுறைக்கு வந்தது. பெருநிறுவனங்களுக்கு அத்தொகுப்பு நீட்டிய கை, வீட்டுவேலை செய்யும் பெண்ணை எட்டவில்லை. அவருக்கு இன்றும் எஞ்சியிருப்பது 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களில் 1909-ஆம் ஆண்டின் சட்டம். 'ஐ.பி. கொடுத்துவிட்டான்', 'மஞ்சள் கடுதாசி நீட்டிவிட்டான்' என்று நம் ஊர்களில் இழிவாகப் பேசப்படுவது இந்த நடைமுறையைத்தான். வழக்கறிஞரும் காலமும் பணமும் வேண்டும் என்பதால், பெரும்பாலும் அது வணிகர்களின் கருவியாகவே இருந்துவந்திருக்கிறது.

'புதிய தொடக்கம்' நாளையே நடைமுறைக்கு வந்தாலும் பயனாளிகள் மிகக் குறைவாகவே இருப்பார்கள். சட்டத்தில் உள்ள வரம்புகளைப் பாருங்கள்: ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கு மிகக் கூடாது, சொத்து மதிப்பு 20,000 ரூபாய்க்கு மிகக் கூடாது, தகுதியுள்ள கடன் 35,000 ரூபாய்க்கு மிகக் கூடாது, சொந்த வீடு இருக்கக் கூடாது. மறுபுறம், 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிமுறைகளின்படி, ஆண்டு வருமானம் மூன்று லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்குப் பிணையின்றிக் கொடுப்பது நுண்கடன். முன்னது தனிநபரின் வருமானம், பின்னது குடும்பத்தின் வருமானம் என்ற வேறுபாட்டைக் கணக்கில் கொண்டாலும் முரண் மறையவில்லை. எங்கள் தெருப் பெண்மணியின் சம்பளம் மாதம் 7,000 ரூபாய், ஆண்டுக்கு 84,000. கடன் வாங்கும் அளவுக்கு அவர் ஏழை. கடனிலிருந்து விடுபடும் அளவுக்கு ஏழை அல்லர்.

வெற்றிடம் வெற்றிடமாகவே இருப்பதில்லை. கடன் தள்ளுபடிச் சான்றிதழ் தருவதாக விளம்பரம் செய்து, சேவைக் கட்டணம், சட்டக் கட்டணம் என்ற பெயர்களில் பணம் வசூலிப்போர் குறித்து ரிசர்வ் வங்கியே 2023 டிசம்பரில் பொதுமக்களை எச்சரித்தது. முறையான வாசல் இல்லாத இடத்தில் இத்தகைய கள்ள வாசல்கள் திறப்பது இயல்பு.

கடன் தீர்வை எளிதாக்கினால் கடன் ஒழுக்கம் கெடும், கடன் வரத்து வற்றும் என்பது எதிர்வாதம். இதைப் புறந்தள்ள முடியாது. 2010-க்குப் பிந்தைய ஆந்திரம் கண்முன் இருக்கிறது. ஆனால், அந்த அனுபவத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். அங்கே வசூல் நின்றதற்குக் காரணம், கட்ட இயன்றவருக்கும் இயலாதவருக்கும் இடையே எவரும் வேறுபாடு காணாததே. பொதுத் தள்ளுபடிகளின் குறையும் அதுவேதான். 2008-இல் மத்திய அரசு அறிவித்த வேளாண் கடன் தள்ளுபடியும், 2021-இல் தமிழ்நாடு அரசு அறிவித்த 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியும் தேவையை ஆளுக்கு ஆள் பார்த்து அளந்தவை அல்ல. தீர்வு என்பது தள்ளுபடிக்கு நேர்மாறானது. அது ஒவ்வொரு குடும்பத்தின் வரவையும் செலவையும் பார்த்து, இவரால் இவ்வளவு முடியும், இவ்வளவு முடியாது என்று பிரிக்கிறது. முடியாததைக் கணக்கிலிருந்து நீக்கினால் கடன் கொடுத்தவருக்கு உண்மையில் இழப்பு எதுவுமில்லை. அந்தப் பணம் எப்படியும் வரப்போவதில்லை. தேர்தலுக்குத் தேர்தல் தள்ளுபடி கேட்கும் பழக்கத்துக்கு மாற்று, ஆண்டு முழுதும் திறந்திருக்கும் தீர்வு மன்றமே.

செய்ய வேண்டியவை மூன்று என்று கருதுகிறேன்.

முதலாவது, மத்திய அரசு 'புதிய தொடக்கம்' நடைமுறையை உடனே நடைமுறைப்படுத்த வேண்டும். அதற்கு முன், வரம்புகளை ரிசர்வ் வங்கியின் நுண்கடன் வரையறையோடு பொருந்துமாறு உயர்த்த வேண்டும். சட்டப்படி இம்மனுக்களை விசாரிக்க வேண்டியது கடன் வசூல் தீர்ப்பாயம். இருபது லட்சம் ரூபாய்க்கும் அதற்கு மேலும் உள்ள கடன்களை வசூலித்துத் தரும் அந்தத் தீர்ப்பாயத்தை ஏழைக் கடனாளி தேடிப்போக இயலாது. இப்பொறுப்பை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் துணையோடு மாவட்ட அளவிலான அமைப்புக்கு மாற்ற வேண்டும்.

இரண்டாவது, மாநிலம் தன் கையில் எஞ்சியிருப்பதை முழுமையாகப் பயன்படுத்த வேண்டும். உரிமமற்ற கடன்களைப் பொறுத்தவரை தண்டனையோடு தீர்வும் சேர வேண்டும். வலுக்கட்டாய வசூல் குறித்துப் புகார் தருபவரை அதே நாளில் ஒரு தீர்வு மன்றத்துக்கும் அனுப்பும் ஏற்பாடு வேண்டும். மிரட்டியவர் சிறைக்குப் போன பின்பும் கடன் அப்படியே நின்றால், கடனாளியின் இரவுகள் மாறுவதில்லை. நொடிப்பு பொதுப் பட்டியலில் இருப்பதால், குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு ஒரு மாநிலம் தனக்கென ஏழைக் கடனாளிகள் சட்டத்தை இயற்றவும் வழியுண்டு. 1938-இல் முன்னே நின்ற மாநிலத்துக்கு அதை முயன்று பார்க்கும் தகுதி உண்டு.

மூன்றாவது, ரிசர்வ் வங்கி நுண்கடன் நிறுவனங்களுக்கு ஒரு கட்டாயக் கடமையை விதிக்க வேண்டும். மாதத் தவணைகள் குடும்ப வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்று கடன் கொடுக்கும்போது விதி இருக்கிறது. நோயாலோ, வேலையிழப்பாலோ, இறப்பாலோ வருமானம் சரியும்போது அந்தப் பாதிக் கணக்கை மீண்டும் போட்டுத் தவணையைத் திருத்தும் விதியும் வேண்டும். கொடுக்கும் நாளில் பார்க்கும் வருமானத்தைக் கேட்கும் நாளிலும் பார்க்கச் சொல்வது பெரிய கோரிக்கை அல்ல.

அந்தப் பெண்மணிக்கு நான் சொன்ன பதில் சிறியது. தண்டல்காரர் மிரட்டினால் காவல் நிலையத்தில் புதிய சட்டத்தின் பெயரைச் சொல்லிப் புகார் தரலாம் என்றேன். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கட்டணமின்றி வழக்கறிஞரின் உதவி கிடைக்கும் என்று சொல்லி, முகவரியை எழுதிக் கொடுத்தேன். குழுக்கடனைப் பற்றிக் கேட்டபோது, கிளை மேலாளரிடம் அவகாசம் கேட்டு ஒரு கடிதம் எழுதித் தந்தேன். "சட்டத்துல வேற ஒண்ணும் இல்லையா சார்?" என்றார். இருக்கிறது, ஆனால் இன்னும் திறக்கவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? தலையசைத்துவிட்டு அந்தக் கடிதத்தை மடித்துக் கையில் கொடுத்தேன்.